தாரணிக்கு வந்த முடிவு

தாரணிக்கு வந்த முடிவில் ஓவியை என்ற ராணி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இடுப்பிலிருந்த அரண்மனைச் சாவிக்கொத்தை அவிழ்த்து, சத்தம் வராமல் வாசற்படியில் வைத்தாள். நீலவாசலுக்கு அந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. விடிந்ததும் அங்கே வந்த திரையன், குனிந்து சாவிக்கொத்தை எடுத்து, எந்தச் சாவி எந்த அறைக்கு என்று தெரியாமல் நின்றான். அத்தோடு கதை முடிந்தது.

தாரணி படித்து முடித்த டேப்பைக் கட்டிலின் மேல் கவிழ்த்து வைத்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. பால்கனியில் அவள் கணவன் மிதுன் தன்னுடைய கடைசி அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கதவு வழியாக அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

வேறு புத்தகமாக இருந்தால் எழுதியவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு மாவு பிசையப் போயிருப்பாள். ஆனால் 'நீலவாசல்' இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை எழுத்தாளர் எழுதவில்லை. அதற்கு முந்தைய அத்தியாயத்தோடு அவர் வேலை முடிந்தது. திருப்பங்கள் எல்லாம் அவருடையவை, எல்லோருக்கும் ஒன்றே. முடிவை மட்டும், வாசிப்பவரின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையைக் கேட்டு எந்திரம் எழுதும். எந்த வரியில் நாடி துள்ளியது, எங்கே தோல் வியர்த்தது, எந்தப் பெயர் வந்தபோது மூச்சு ஒரு கணம் நின்று போனது என்று முதல் பக்கத்திலிருந்து கூடவே இருந்து கவனித்துவிட்டு, உங்கள் மனசு உண்மையில் எதை விரும்பியதோ அதைக் கொடுக்கும். வாயால் சொல்வதை அது மதிப்பதில்லை.

ஆக, சாவிக்கொத்தை வைத்துவிட்டுப் போனது ஓவியை இல்லை. தாரணி.

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். மூடினாள். தண்ணீர் குடித்தாள். மூன்று வருடம் குடித்தனம் நடத்திய வீட்டில், வேண்டாத விருந்தாளியைப் போல எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றாள்.

அவர்களைச் சேர்த்து வைத்ததே இந்தக் கதையின் முதல் பாகம்தான். நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருந்த காலத்தில் அவள் பொள்ளாச்சியில் இருந்தாள், அவன் கோயமுத்தூரில். தினமும் ராத்திரி போனில் பேசலாம் என்று பெரியவர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள். என்ன பேசுவதென்றுதான் இருவருக்கும் தெரியவில்லை. "நீலவாசல் படிச்சிருக்கீங்களா?" என்று அவள் கேட்டாள். அவன் படித்ததில்லை. சரி, சேர்ந்தே படிக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரே பக்கத்தை மனசுக்குள் வாசிப்பார்கள். அவன் வேகமாக வாசிப்பான், அவள் மெதுவாக.

"திருப்பட்டுமா?" என்பான்.

"இருங்க," என்பாள். அப்புறம், "ம்."

அந்த "இருங்க"வுக்கும் "ம்"முக்கும் நடுவில் அவன் மூச்சு விடுவது கேட்கும். தாரணிக்குக் காதல் வந்தது அந்த இடைவெளியில்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

முதல் பாகம் ஓவியையை நடுவாசலில் நிறுத்திவிட்டு முடிந்துபோனது. மலைக்கோட்டையின் ராணி அவள். கோட்டைக்குள் ஒரு நீலக் கதவு, பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கும். இந்தப் பக்கம் நல்லவனான, பேச்சு குறைந்த கணவன் திரையன். அந்தப் பக்கம் நிழலோன், தன் ஆயுளில் பாதியைக் கொடுத்து அவள் உயிரைக் காப்பாற்றியவன். கதவு திறந்தது, ஓவியை படியில் நின்றாள், தொடரும் என்று போட்டுவிட்டார்கள். ஊரே எழுத்தாளரைச் சபித்தது.

இரண்டாம் பாகத்தை விஜயதசமியன்று வெளியிட்டார்கள். முந்தின நாள் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு யாரும் படிக்கமாட்டார்கள், மறுநாள் எதையாவது எடுத்துப் படித்தே ஆகவேண்டும் என்ற வழக்கம் பதிப்பகத்துக்குத் தெரிந்திருந்தது. தாரணியும் மிதுனும் ஒரே மாதிரிப் பட்டை இரண்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு டேப்பில், தினம் ஓர் அத்தியாயம் படித்தார்கள். "திருப்பட்டுமா?" என்று அவன் இப்போதும் கேட்டான். ஆனால் பழக்கத்துக்குக் கேட்டான். அவள் பதில் வருவதற்குள் திருப்பிவிடுவான், அவள் பின்னாலேயே ஓடிப் பிடிப்பாள். அவளுக்கு அது சுருக்கென்றது. கல்யாணமாகி மூன்று வருடமாயிற்று, இதற்கெல்லாமா முகம் சுளிப்பார்கள் என்று தன்னையே அடக்கிக்கொண்டாள்.

திருப்பங்கள் பலமாகத்தான் இருந்தன. அந்தக் கதவைப் பற்றித் திரையனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது முதலாவது. கதவை மறைத்துச் சுவர் எழுப்பியவனே அவன்தான். இரண்டாவது திருப்பத்தில் தாரணி வாய்விட்டே "ஐயோ" என்றுவிட்டாள். நிழலோன் வேறு யாருமில்லை. சிறுவயதில் பட்டம் கட்டும் சடங்கில், ராஜாவுக்குப் பயம் கூடாதென்று திரையனிடமிருந்து வெட்டி எடுத்த அவனுடைய சொந்த நிழல். ராணி நேசித்த இருவரும் ஓர் ஆளின் இரண்டு துண்டுகள். அந்த இடத்தில் எழுத்தாளர் பேனாவை மூடிக்கொண்டார். இனி உங்கள் பாடு என்றார்.

கடைசி அத்தியாயத்தைத் தனியாக வாசியுங்கள், உங்கள் முடிவை மற்றவரிடம் சொல்லாதீர்கள் என்று பதிப்பகம் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதனால்தான் அவன் பால்கனிக்கும் அவள் படுக்கையறைக்கும் போனது. சொல்லிக்கொள்வதில்லை என்று இருவரும் சத்தியமும் செய்திருந்தார்கள்.

மிதுன் உள்ளே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். சமையலறைக்குப் போய், யாரும் சொல்லாமல், சப்பாத்திக்கு மாவு பிசைய ஆரம்பித்தான். மறுநாள் காலையில், "மைசூர் வேலைய வேண்டாம்னு சொல்லிட்டேன், கண்ணு," என்றான்.

மைசூரில் இரண்டு வருட வேலை. அவன் மட்டும் போய்த் தங்குவதாகப் பேச்சு. தாரணிக்கு அது பிடிக்கவேயில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. இப்போது அவனே வேண்டாமென்று வந்து நிற்கிறான். அவனுக்கு வந்த முடிவு எப்படிப்பட்டதென்று கேட்காமலே தெரிந்தது. அந்த மனுசன் இந்த வீட்டுக்காக வேலையை விடுகிறான், நாம் சாவியை வாசலில் வைத்துவிட்டோம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு.

ஊரிலும் அப்போது அதே பாடுதான். "உங்களுக்கு என்ன முடிவு வந்துச்சு?" என்று கேட்பது சம்பளம் கேட்பதைவிட மோசமான காரியமாகிவிட்டது. ஆனாலும் கேட்டார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு பெண்ணின் முடிவையும் கேட்டார்கள். ராணி போகாமல் கதவைச் சாத்திய முடிவு வந்த பெண்ணுக்கு மவுசு. மாமியார் ஒருத்தி மருமகள் குளிக்கப் போன நேரத்தில் டேப்பைத் திறந்து பார்த்துவிட்டு, அன்றைக்கே சம்பந்தியை வரவழைத்தாளாம். குடும்ப நீதிமன்றத்துக்கு ஒருவர் மனைவியின் கடைசி அத்தியாயத்தையே சாட்சியாகக் கொண்டுபோனாராம். நீதிபதி தனக்கு வந்த முடிவை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, வழக்கைத் தள்ளி வைத்துவிட்டாராம்.

தாரணி பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறாள். ஓடுகிற மோட்டாரின் மேல் கையை வைத்தாலே உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது அதே கையைத் தன் மேலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே தேய்ந்தது? எப்போது? தேடினால் கிடைக்காமலா போகும்? அவன் அப்பளம் கடிக்கிற சத்தம் மூன்று வருடமாகக் காதில் விழுந்ததில்லை, இப்போது மண்டையில் இடித்தது. அவன் அன்பாக ஏதாவது செய்தால் எரிச்சல் வந்தது, எரிச்சல் வந்ததும் குற்ற உணர்ச்சி வந்தது, குற்ற உணர்ச்சி வந்ததும் இந்த வீட்டில் நாம் இருப்பதே பொய் என்று பட்டது. சனிக்கிழமைகளில் காரணமில்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவினாசி ரோட்டில் போய்த் திரும்பினாள். கம்பெனியின் அகமதாபாத் கிளைக்கு ஆள் கேட்டபோது, யோசிக்காமல் பெயர் கொடுத்தாள். தேர்வாகியும் விட்டது. வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்லவேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம், பொறுக்க முடியாமல், பெனிட்டாவைக் கூப்பிட்டாள். கல்லூரித் தோழி. நீலவாசல் பதிப்பகத்தில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிற பிரிவு அவளுடையது. பீளமேட்டில் ஒரு பேக்கரியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு டீயும் முட்டை பப்ஸும்.

"உன்ற எந்திரம் தப்புப் பண்ணுமா?" என்று தாரணி நேரடியாகக் கேட்டாள்.

பெனிட்டா சிரித்தாள். "தினமும் எங்கிட்ட வர்றது இது ஒண்ணுதாண்டி. முடிவு தப்பு, மாத்திக் குடுங்கம்பாங்க. போன வாரம் ஒருத்தர் அழுதுட்டார். எழுவது வயசு. சம்சாரத்துக்கு எழுதிக் குடுத்துருங்க மேடம், இது மெஷின் கோளாறுன்னு கெஞ்சறார்."

"அதில்ல. நெசமாக் கேக்கறேன்."

"நெசமாச் சொல்றேன். நாடி பொய் சொல்லாது. ஆனா நாடிக்கு விசயம் தெரியாது. நீ துடிச்சேன்னு அதுக்குத் தெரியும், எதுக்குத் துடிச்சேன்னு எந்திரம் ஊகிக்குது. பெரும்பாலும் சரியாத்தான் ஊகிக்குது. அதான் எல்லாரும் பயப்படறாங்க." டீயை ஆற்றிக்கொண்டே தோழியின் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு என்னடி வந்துச்சு?"

தாரணி டீ டம்ளரை மேஜையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பெனிட்டா அதற்கு மேல் கேட்கவில்லை.

"என்ற கணக்கைத் திறந்து பாரேன். சரியாத்தான் கேட்டுச்சான்னு மட்டும் சொல்லு," என்றாள் தாரணி.

பெனிட்டா தன் டேப்பை எடுத்து, தாரணியின் கட்டைவிரலை அதில் வைக்கச் சொல்லித் திறந்தாள். பப்ஸின் ஓரத்தைக் கடித்தபடி மேலும் கீழும் தள்ளினாள். கடிப்பது நின்றது.

"நீ காலைல ஓடறியா?"

"நானா? கறிவேப்பிலை வாங்கவே லிஃப்ட்ல போறவ நான்."

"தினமும் விடியறப்ப நாடி எகிறுது. ஒரு மணி நேரம். அப்பறம் மெதுவா எறங்குது. இது வெளையாடற ஆளோட நாடி. உன் டேப்புக்கே இந்தத் தகவல் வந்திருக்குமே?"

"அதையெல்லாம் நான் அணைச்சு வெச்சிருக்கறேன். தொணதொணன்னுட்டு." சொல்லிக்கொண்டே தாரணி டேப்பை எட்டிப் பார்த்தாள். "விடியறப்ப அவருதான் ஷட்டில் ஆடப் போவாரு."

இருவரும் தாரணியின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். கறுப்புப் பட்டை. தன்னுடையது தெரியவேண்டுமென்று அதன் உள்பக்கம் மெரூன் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். கழற்றித் திருப்பினாள். புள்ளி இல்லை.

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. ஆயுத பூஜை. மிதுனுக்கு அந்த ஒரு நாள் வந்தால் போதும், வீட்டில் ஒரு பொருளை விடமாட்டான். மிக்ஸி, ஸ்கூட்டர், லேப்டாப், அரிவாள்மனை எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவான். புதிதாக வந்த பட்டைகளையும் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்தான். நகப்பூச்சை அழுக்கென்று நினைத்திருப்பான். மறுநாள் காலையில் தாம்பாளத்திலிருந்து ஆளுக்கொன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். அவளுடையது அவனிடம் போயிற்று. அவனுடையது இவளிடம்.

"அப்ப என்ற டேப்புக்குப் போனது அவரோட நாடி," என்றாள் தாரணி.

"ரெண்டு பேரும் தனித்தனியாப் படிச்சிருந்தா எந்திரமே கண்டுபிடிச்சிருக்கும். பக்கத்துக்கும் நாடிக்கும் பொருந்தாமப் போயிருக்கும். நீங்க..." பெனிட்டா நிறுத்தினாள். அவளுக்கு இவர்கள் படிக்கிற விதம் தெரியும். கல்லூரித் தோழிகள் கூடியபோது அதைச் சொல்லிக் கிண்டலடித்தவளே அவள்தான். "நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல இருந்தீங்க."

தாரணிக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமில்லாத, குதிக்கவேண்டும் போன்ற சந்தோஷம். நான் இல்லை, நான் போகவில்லை, நான் எங்கேயும் தேய்ந்துபோகவில்லை. அது ஒரு வாய் டீ இறங்குகிற வரைக்கும்தான் இருந்தது. அடுத்த கணம் நாற்காலி கீழே இறங்குவதுபோல இருந்தது. போனது அவன்.

"மாத்திக் கட்டிக்குங்க. ரெண்டு பேருக்கும் சரியான முடிவை அனுப்பச் சொல்றேன்," என்றாள் பெனிட்டா மெல்ல.

"வேண்டாம். இரு. அவருக்குத் தெரியோண்டாம்."

ஏனென்றால் அவள் மனசு அதற்குள் முன்னால் ஓடிவிட்டது. மிதுன் படித்தது தாரணியின் முடிவை. அதைத் தன்னுடையதென்று நம்பிக் கண் கலங்கினான், மைசூரை விட்டான், மாவு பிசைந்தான். இரண்டு மாதமாக அவன் காட்டுகிற பிரியம் எல்லாம் இவளுடைய மனசு, அவன் உடம்பில் ஓடுகிறது. உண்மையைச் சொன்னால் அது நின்றுபோகும். சொல்லாவிட்டால் ஓடும். போகிற வழியில் ஃபேன்ஸி ஸ்டோரில் நிறுத்தி, அதே மெரூன் நிறத்தில் நகப்பூச்சு வாங்கினாள். இப்போது தன் கையில் இருக்கிற பட்டையில் புள்ளி வைத்துவிட்டால் இதுவே தன்னுடையது. தப்பு சரியாகிவிடும். அகமதாபாத்துக்கு வரவில்லை என்று திங்கட்கிழமை சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

லட்சுமி மில்ஸ் சிக்னலில் நின்றாள். பக்கத்தில் பைக்கில் ஒருவன், முதுகில் ஷட்டில் மட்டை, வியர்வையோடு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். தாரணி அவனையே பார்த்தாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் நகரவில்லை.

மிதுனின் ஷட்டில் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் பட்டைக் கணக்கைக் காட்டவேண்டும். குறைவாக ஆடியவன் மற்றவர்களுக்கு இட்லி வாங்கித் தரவேண்டும். இவன் கணக்கைப் பார்க்காமல் ஒரு நாளும் கோர்ட்டை விட்டு இறங்குகிறவன் இல்லை. பட்டை மாறிய மறுநாளே அவன் கணக்கில் ஒன்றும் ஏறியிருக்காது. முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மார்கழிக் குளிரில் அவன் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் தாரணி உட்கார்ந்திருந்தாள். எதிரே நகப்பூச்சுப் புட்டி.

"இன்னிக்கு இட்லி யாரு வாங்கிக் குடுத்தாங்க?" என்றாள்.

"பிரவீன்தான். ஏன்?"

"உங்க கணக்கு எவ்வளவு?"

மிதுன் ஸ்வெட்டரை நாற்காலியில் போட்டான். புட்டியைப் பார்த்தான். "நான் இப்பெல்லாம் கணக்குக் காட்டறதில்ல."

"எப்ப இருந்துங்க?"

அவன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு உட்கார்ந்தான். பொய் சொல்லத் தெரியாத மனுசன், அதுவரை யாரும் கேட்காததால் தப்பித்துவந்தவன்.

"விஜயதசமிக்கு அடுத்த நாள்லிருந்து," என்றான்.

"தெரிஞ்சும் மாத்தலை."

"மாத்தலை."

"ஏனுங்க?"

அவன் உள்ளங்கைகளை மேஜை மேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்தான். "உன்மேல ஒரு குறையும் இல்ல, தாரணி. அதுதான் கஷ்டமே. ஏதாச்சும் இருந்தாச் சண்டை போட்டிருப்பேன். எனக்கு மூச்சு முட்டுச்சு. மைசூர் போறேன்னதும் வேலைக்கில்ல. போனாத் திரும்பி வரமாட்டேன்னு எனக்குத் தெரியும். அதை உங்கிட்டச் சொல்ல நாக்கு வரலை. பட்டை மாறினதைப் பார்த்ததும்... புத்தகம் சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன். நீ படிச்சுட்டு, இது என்ற மனசு இல்லையேன்னு சந்தேகப்பட்டு, பட்டையைத் திருப்பிப் பாத்து நீயே கண்டுபிடிப்பேன்னு நெனச்சேன்."

"நான் சந்தேகப்படலை," என்றாள் தாரணி. "நம்பிட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. அதனால் அவன் இன்னும் பயந்துபோனான்.

"ரெண்டு மாசம். நான் துரோகின்னு ரெண்டு மாசம் நம்பினேன். நீங்க அப்பளம் கடிக்கறதை வெறுத்தேன், தெரியுங்களா? என்ன குத்தம் கிடைக்கும்னு உங்களைத் தோண்டித் தோண்டிப் பாத்தேன். ராத்திரி நீங்க போர்வையை இழுத்துவிட்டாக் கையைத் தட்டிவிடோணும்னு இருந்துச்சு. எல்லாம் எதுக்கு? நீங்க ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்ல மாட்டாம, உங்க மனசைக் கழட்டி என்ற கையில கட்டிவிட்டதுக்கு!"

"சொல்லியிருக்கோணும். தப்புத்தான்."

"அப்பறம் ஏன் போகலை? போயிருக்க வேண்டியதுதானே?"

மிதுன் நிமிர்ந்தான். "அன்னிக்குப் பால்கனில நான் படிச்சது உன்ற முடிவுன்னு தெரிஞ்சேதான் படிச்சேன். நீ எங்கிட்டச் சொன்னதேயில்லாத விசயமெல்லாம் அதுல இருந்துச்சு. படிச்சதுக்கு அப்பறம் போக முடியலை."

"பரிதாபமா?"

"இல்ல." கொஞ்சம் யோசித்தான். "மொதல்ல அதுதான். இப்ப இல்ல. எப்ப மாறுச்சுன்னு கேட்டாத் தெரியாது."

வெளியே பால்காரர் மணியடித்துவிட்டுப் போனார். யாரும் எழுந்து போகவில்லை.

"நான் அகமதாபாத்துக்குப் பேர் குடுத்திருக்கேன். கெடைச்சிருச்சு. நாளைக்குச் சொல்லோணும்," என்றாள் தாரணி.

மிதுனின் முகம் வெளுத்தது. இது அவன் எதிர்பார்க்காதது. இரண்டு மாதமாகத் தான் மட்டும் ஒரு ரகசியத்தைச் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவன், தான் எறிந்த கல் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தான்.

"அது என்ற முடிவு, தாரணி. உன்னது இல்ல."

"உங்களுதுதான். ஆனா ரெண்டு மாசம் என்ற உடம்புல இருந்துச்சே. இப்ப அது யாருதுன்னு எனக்குத் தெரியலை." அவள் கையிலிருந்த பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "என்னோட முடிவை நான் இன்னும் படிக்கவேயில்லைங்க. எடுத்துட்டு வாங்க."

அவன் தன் டேப்பை எடுத்து வந்தான். தன் பட்டையையும் கழற்றி அவளுடையதன் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. நகப்பூச்சுப் புட்டியை யாரும் தொடவில்லை. அவன் எதிர்ப்பக்கம் உட்காரப் போனவன், தயங்கி, அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். இருவருக்கும் நடுவில் டேப்பை நிறுத்தினான்.

தாரணி வாசித்தாள். அதே நீலவாசல், அதே படி. ஓவியை ஒரு காலை அந்தப் பக்கம் எடுத்து வைத்துவிட்டாள். உள்ளே திரையன் தூக்கத்தில் கையை நீட்டி, காலியாக இருந்த படுக்கையைத் துழாவுகிற சத்தம் கேட்டது. ஓவியை வாசலில் நின்றபடி இருட்டைப் பார்த்துச் சொன்னாள்: வெளியே வரவேண்டியவள் நான் இல்லை, உள்ளே வரவேண்டியவன் நீ. நிழலோன் பயந்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் என்னை வெட்டி எறிந்த வீடு அது என்றான். தெரியும், என்றாள் ஓவியை, அந்த வீட்டுச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது.

தாரணிக்கு எழுத்து மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு நம்பிக்கை இந்தப் பெண்ணுக்கு! திரையன் ஒரு வார்த்தையும் சொல்லாதபோதே அவனிடம் ஒரு துண்டு குறைகிறது என்று கண்டுபிடித்து, அதைத் தேடி எடுத்து வந்து ஒட்டவைத்துவிடலாம் என்று நினைக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முந்தைய தாரணி இவள். அவள்மேல் பிரியமாக இருந்தது. அவளாகத் திரும்பிப் போக முடியுமா என்று தெரியவில்லை. அவளுக்குத் திரையன் சுவர் எழுப்பியது கதையில்தான் தெரியும். இப்போதைய தாரணிக்கு நேரில் தெரியும்.

பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டாள். ஓவியை கதவில் கை வைத்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு பக்கம். அதில் என்ன இருக்கும் என்று இருவருக்குமே தெரியும். விடியும், திரையன் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைப்பான், தரையில் முதல்முறையாக அவனுடைய நிழல் விழும். அதைப் படித்துவிட்டால் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

மிதுன் முன்பே படித்து முடித்திருந்தான். அவன் விரல் பக்கத்தின் ஓரத்துக்குப் போயிற்று. பொள்ளாச்சிக்குப் போன் பண்ணிய நாளில் கேட்டதுபோலவே, பதில் தெரியாத குரலில் கேட்டான்.

"திருப்பட்டுமா?"

தாரணி மேஜை மேலிருந்த இரண்டு பட்டைகளைப் பார்த்தாள். அவை எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தன் நாடி துடிப்பது அவளுக்கே கேட்டது. எதற்காகத் துடிக்கிறது என்று சொல்ல எந்திரம் இல்லை.

"இருங்க," என்றாள். "நான் இன்னும் படிச்சு முடிக்கலை."

அவன் விரலை எடுத்துக்கொண்டு காத்திருந்தான்.